ரெஜிஸ்டா: டொனாலி மேல ஒட்டின சொல்லும் அதுக்கான தமிழும்

இத்தாலி மிட்ஃபீல்டர் சான்ட்ரோ டொனாலி பத்தி எங்க படிச்சாலும் ரெஜிஸ்டாங்கற சொல் வந்து நிக்கும். பதினெட்டு வயசுலயே இத்தாலிக்காரங்க அவருக்கு இந்தப் பேரை வச்சுட்டாங்க, கூடவே இத்தாலியோட பேர்பெற்ற மிட்ஃபீல்டர் பிர்லோவை வச்சு அடுத்த பிர்லோன்னும் சொல்லிட்டாங்க. நம்மாளுங்க தமிழ்ல ஃபுட்பால் எழுதறப்பவும் ரெஜிஸ்டான்னு அப்படியே போட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடறாங்க. அர்த்தம் கேட்டா மிட்ஃபீல்டர்ல ஒரு வகைம்பாங்க. அது எந்த வகை, அந்தப் பேரு எங்கேர்ந்து வந்துச்சு, டொனாலிக்கு அது நெஜமாவே பொருந்துதா, தமிழ்ல எப்படிச் சொல்லலாம், எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சா உதவியா இருக்கும்னு தோணுச்சு.

இத்தாலியன்ல ரெஜிஸ்டான்னா டைரக்டர். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் டிவிக்கும் டைரக்ட் பண்றவர், ஆணா இருந்தாலும் பெண்ணா இருந்தாலும் ஒரே சொல்தான். கேக்கறதுக்கு நூத்துக்கணக்கான வருஷம் பழைய சொல் மாதிரி இருக்கும், ஆனா இது பொறந்தது 1932ல. அதுவரைக்கும் நாடகக்காரங்க ரெஜிஸ்ஸர்ங்கற பிரெஞ்சு சொல்லைத்தான் வச்சு ஓட்டிட்டிருந்தாங்க, அதுக்குப் பதிலா இத்தாலியனுக்கு ஒட்டற மாதிரி ஒண்ணு வேணும்னு ப்ரூனோ மில்யொரீனிங்கற மொழியறிஞர் ரெஜியா, ரெஜிஸ்டான்னு ரெண்டு சொல்லை உருவாக்கித் தந்தாரு. ரெஜியான்னா டைரக்‌ஷன், ரெஜிஸ்டான்னா அதைச் செய்யறவர். வண்டி ஓட்டறவருக்கு பிரெஞ்சுல ஷோஃபர்னு சொல்லிட்டிருந்ததை மாத்தி ஆட்டிஸ்டான்னு சொல் குடுத்ததும் இவர்தான், ரெண்டும் நின்னுடுச்சு, இன்னைக்கு இத்தாலில யாருக்கும் இதெல்லாம் ஒருத்தர் உக்காந்து செஞ்ச சொல்லுன்னே தெரியாது. கலைச்சொல் உருவாக்கறவங்க எல்லாரும் ஆசைப்படற வெற்றி இது, புதுச்சொல்லு மக்கள் வாயில நிக்காதுன்னு சொல்றவங்களுக்கு நான் எப்பவும் காட்டற உதாரணமும் இதுதான்.

இன்னும் கீழ தோண்டினா லத்தீன். பிரெஞ்சு ரெஜிஸ்ஸருக்கு அடி ரெஜிர்ங்கற வினை, அதுக்கும் அடில லத்தீன் ரெகெரே இருக்கு. நேரா செலுத்தறது, வழி காட்டறது, ஆளறது, இந்த மூணு அர்த்தமும் அந்த ஒரு வினைக்குள்ள இருக்கு. டைரக்டர்ங்கற சொல்லும் இதே வேர்லேர்ந்து வந்ததுதான், நாம நாளைக்கு நூறு தடவை சொல்ற கரெக்டும் இதே வேர்தான். ஆனா ஆபீஸ் ரிஜிஸ்டருக்கும் ரெஜிஸ்டாவுக்கும் சம்பந்தம் கெடையாது, அது வேற லத்தீன் வினை, சத்தம் மட்டும்தான் ஒத்துப்போகுது.

ஃபுட்பால்ல இந்தச் சொல்லுக்கு என்ன வேலைன்னா, பந்து எங்க போகணும்னு முடிவு பண்ற ஆளுக்கு இதுதான் பேரு. இந்த ஆள் கோலுக்குப் பக்கத்துல நிக்க மாட்டார். இத்தாலிக்காரங்க அந்த எடத்தை டிஃபென்ஸுக்கு முன்னாடின்னு சொல்லுவாங்க, நாலு டிஃபெண்டர் நிக்கற கோட்டுக்கு ஒரு எட்டு முன்னாடி, அங்கேர்ந்து பாத்தா மைதானம் மொத்தமும் எதிர்ல விரிஞ்சு கெடக்கும். எடம் பழசு. 1934ல விட்டோரியோ பொட்ஸோ இத்தாலியை உலகக் கோப்பை ஜெயிக்க வச்சப்ப லூயிஸ் மொன்ட்டி அங்கதான் நின்னாரு, அப்ப அதுக்கு சென்ட்ரோமெடியானோ மெத்தோடிஸ்டான்னு வாய் வலிக்கிற மாதிரி ஒரு பேரு. ஆனா மொன்ட்டி முதல்ல பந்தைப் பறிக்கற ஆளு, அப்புறம்தான் பாஸ். நாம இன்னைக்கு ரெஜிஸ்டான்னு சொன்னதும் மனசுல வர்ற உருவம் அவரோடது இல்ல, ஆண்ட்ரியா பிர்லோவோடது.

பிர்லோ ஆரம்பத்துல முன்னாடி ஆடினவரு, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி நிக்கற ட்ரெக்வார்டிஸ்டா. ட்ரெக்வார்டிஸ்டான்னா முக்காலாள்னு சொல்லலாம், மைதானத்துல முக்கால்வாசி தாண்டின எடத்துல வேலை பாக்கறவரு. 2001ல இன்டர் க்ளப் அவரை லோன்ல ப்ரெஷா க்ளப்புக்கு அனுப்புச்சு, அங்க முன்னாடி ராபர்ட்டோ பாஜியோ இருந்தாரு, பாஜியோ இருக்கற டீம்ல அந்த எடம் இன்னொருத்தருக்குக் கெடைக்காது, அதனால கோச் கார்லோ மட்ஸோனே பையனைப் பின்னாடி கொண்டு வந்து நிப்பாட்டினாரு. அந்த வருஷம் ஏப்ரல் 1, யுவென்டஸ் கூட மேட்ச், பிர்லோ பின்னாடியிருந்து ஒரு நீளப் பந்தைத் தூக்கிப் போடறாரு, பாஜியோ ஓடிக்கிட்டே அதைக் கால்ல வாங்கி அந்த ஒரே தொடுதல்ல கீப்பர் வான் டெர் சாரைத் தாண்டிக் கோல் போட்டுடறாரு. எல்லாரும் பாஜியோவோட தொடுதலைத்தான் பேசுவாங்க, பேசவும் வேணும், ஆனா அந்த ஓட்டத்தை அவ்ளோ தூரத்துலேர்ந்து பாத்த கண்ணு இருக்கே, ரெஜிஸ்டாங்கற சொல்லோட முழு அர்த்தமும் அதுதான். அப்புறம் மிலான் க்ளப்ல கோச் அன்செலோட்டி அந்த எடத்தை நிரந்தரமாக்கினாரு, 2006 உலகக் கோப்பை அரையிறுதில ஜெர்மனிக்கு எதிரா 119வது நிமிஷம் க்ரோஸோவுக்கு திரும்பிக்கூடப் பாக்காம தட்டி விட்ட பந்து வரைக்கும் எல்லாம் ஊரறிஞ்ச கதை.

இப்ப டொனாலிக்கு வருவோம். 2000 மே 8, லோதில பொறந்தவரு, பியாசென்ஸா அகாடமில இருந்துட்டு சின்ன வயசுலயே ப்ரெஷாவுக்கு வந்தாரு, 2017 ஆகஸ்ட்ல பதினேழு வயசுல சீரி பி-ல, அதாவது இத்தாலியோட ரெண்டாம் நிலை லீக்ல, முதல் மேட்ச். அடுத்த சீசன்ல கோச்சா வந்த யூஜெனியோ கொரினி ஆடற காலத்துல தானே ஒரு ரெஜிஸ்டா, அவர் பையனை டிஃபென்ஸுக்கு முன்னாடி வச்சே ஆட வச்சாரு, 2019ல ப்ரெஷா சீரி பி ஜெயிச்சு மேல ஏறுச்சு. அதுக்கும் முன்னாடியே, சீரி பி-ல ஆடிட்டிருக்கறப்பவே, 2018 நவம்பர்ல இத்தாலி கோச் மான்சினி அவரை நேஷனல் டீமுக்குக் கூப்பிட்டுட்டாரு. அதே ப்ரெஷா, அதே எடம், நீள முடி, ஃப்ரீ கிக்கும் கார்னரும் இவர்தான் எடுப்பாரு. இவ்ளோ இருந்தா பத்திரிகைக்காரங்க சும்மா விடுவாங்களா, அடுத்த பிர்லோ வந்தாச்சுன்னு எழுதித் தள்ளிட்டாங்க.

அந்தப் பையன் மட்டும் அப்பவே வேற சொன்னாரு. சின்ன வயசுலேர்ந்து தனக்குப் பிடிச்ச ஆளு ஜென்னாரோ கட்டூசோன்னு. கட்டூசோ யாருன்னா, மிலான்ல பிர்லோவுக்குப் பக்கத்துல நின்னு பிர்லோவுக்கும் சேர்த்து ஓடினவரு, இத்தாலியன்ல அந்த வேலைக்கு மெடியானோன்னு பேரு, பந்தைப் பறிக்கறது, எதிராளியை மறிக்கறது, மூச்சு முட்ட ஓடறது. டொனாலி மிலானுக்குப் போனதும் கட்டூசோகிட்ட கேட்டுட்டுத்தான் 8ம் நம்பர் சட்டையைப் போட்டாரு. இதுலயே பாதி பதில் இருக்கு, ஆனா யாரும் கவனிக்கல.

மிலான்ல முதல் சீசன் கஷ்டமாத்தான் போச்சு. லோன்ல வந்திருந்தாரு, பாஸ்ல தயக்கம், பெரிய டீம்ல ஆடற பதட்டம், எல்லாம் தெரிஞ்சுது. 2021ல அங்கயே தங்கணும்னு சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டு இருந்தாரு, அதுக்கப்புறம் ஆளே மாறிட்டாரு. கோச் பியோலி ரெண்டு மிட்ஃபீல்டரைப் பின்னாடி வச்சு ஆட வைப்பாரு, கெஸியேவோ பென்னாசரோ பக்கத்துல நிப்பாங்க, அதனால டொனாலி ஒரே எடத்துல நிக்க வேண்டிய அவசியம் இல்ல, பந்தைப் பறிச்சுட்டு அப்படியே ஓடலாம். 2022 ஏப்ரல் 24, ரோம்ல லாசியோ கூட மேட்ச், 1-1, 92வது நிமிஷம், இப்ராஹிமோவிச் தலையால உள்ள விட்ட பந்து லாசியோ டிஃபென்ஸ்ல தடுமாறுது, அந்த நேரத்துல கோலுக்கு முன்னாடி ஓடி வந்து தட்டி விட்டது டொனாலி. ரெண்டு வாரம் கழிச்சு மே 8, அவரோட 22வது பொறந்த நாள், வெரோனால மிலான் முதல்ல கோல் வாங்கிடுச்சு, லியாவோ இடது பக்கம் பிச்சுக்கிட்டு வந்து குடுத்த ரெண்டு பந்தையும் டொனாலி ரெண்டு கோலாக்கினாரு, 3-1. பதினொரு வருஷம் கழிச்சு மிலானுக்கு லீக் பட்டம். இந்த மூணு கோலையும் திரும்பப் பாருங்க, மூணுமே பின்னாடியிருந்து பாக்ஸுக்குள்ள ஓடி வந்து போட்டது. டைரக்டர் கேமராவுக்குப் பின்னாடி இருக்க வேண்டியவரு, இவர் ஃபைட் சீனுக்குள்ள குதிச்சுட்டாரு.

2023 ஜூலைல இங்கிலாந்து க்ளப் நியூகாசிலுக்குப் போனாரு. ஆஸ்டன் வில்லா கூட முதல் லீக் மேட்ச்லயே ஆறாவது நிமிஷம் கோல். அக்டோபர்ல எல்லாம் நின்னு போச்சு, ஃபுட்பால் மேட்ச்கள் மேல பெட் கட்டினதுக்காக இத்தாலி ஃபெடரேஷன் பத்து மாசம் தடை போட்டுச்சு, மிலான்ல இருந்தப்ப மிலான் மேட்ச் மேலயும் கட்டியிருந்தாரு. தடை போக இன்னும் எட்டு மாசம் சிகிச்சைக்கும், பொது எடங்கள்ல போயி சூதாட்டப் பழக்கம் பத்திப் பேசறதுக்கும். தப்பு தப்புதான், தண்டனையும் நியாயம்தான், ஆனா இது வியாதி மாதிரி ஒரு பழக்கம்னு அவர் வெளிப்படையா ஒத்துக்கிட்டு சிகிச்சைக்குப் போனதை நான் மரியாதையாத்தான் பாக்கறேன். 2024 யூரோ கோப்பைல ஆட முடியாம போச்சு. அந்த வருஷம் ஆகஸ்ட் 28 நாட்டிங்ஹாம்ல திரும்பக் களத்துல எறங்கினாரு.

நம்ம சொல்லுக்கு சுவாரசியமான திருப்பம் இதுக்கப்புறம்தான் வருது. 2024 கடைசில நியூகாசில் கோச் எடி ஹவ் மிட்ஃபீல்டை மாத்தினாரு, அதுவரைக்கும் பின்னாடி நின்ன ப்ரூனோ கிமாரேஸை வலது பக்கம் முன்னாடி தள்ளிட்டு டொனாலியை டிஃபென்ஸுக்கு முன்னாடி வச்சாரு. சுத்திச் சுத்திப் பழைய எடத்துக்கே வந்தாச்சு, ஆனா வந்த ஆள் ப்ரெஷாலேர்ந்து போன பையன் இல்ல. அந்த எடத்துல அவர் என்ன பண்றாருன்னு ஒரு மேட்ச் முழுக்க அவரை மட்டும் பாத்தா புரியும். பந்து வர்றதுக்கு முன்னாடி தோள் மேலால ஒரு பார்வை, ஒடம்பு பாதி திரும்பின நிலை, வந்ததும் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு தொடுதல்ல குடுத்துடுவாரு. இதுவரைக்கும் ரெஜிஸ்டா. ஆனா எதிர் டீம் பந்தை எடுத்த அடுத்த நொடி இடது ஓரத்துல ஃபுல்பேக் விட்டுட்டுப் போன எடத்துல இவர் நிப்பாரு, பறிப்பாரு, பறிச்ச வேகத்துலயே முப்பது மீட்டர் பந்தோட ஓடுவாரு. பிர்லோ பந்தை ஓட விட்டாரு, டொனாலி தானும் சேர்ந்து ஓடறாரு. 2025 மார்ச் 16 வெம்ப்ளில லிவர்பூலை 2-1ன்னு ஜெயிச்சு நியூகாசில் லீக் கப் எடுத்தப்ப நடுவுல அந்த எடத்துல நின்னது இவர்தான், 1955க்கு அப்புறம் இங்கிலாந்துக்குள்ள அந்த க்ளப்புக்கு முதல் பெரிய கோப்பை. அதே வருஷம் ஜூன்ல கட்டூசோவே இத்தாலி கோச் ஆனாரு, செப்டம்பர்ல இஸ்ரேல் கூட 5-4ன்னு முடிஞ்ச அந்தப் பைத்தியக்கார மேட்ச்ல 91வது நிமிஷம் ஜெயிக்க வச்ச கோல் டொனாலியோடது.

அதனால என் கணக்குல டொனாலி ரெஜிஸ்டா எடத்துல ஆடற மெடியானோ. கூடவே மெட்ஸாலாவோட ஓட்டமும் இருக்கு, மெட்ஸாலான்னா அரைச்சிறகு, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில ஓடற மிட்ஃபீல்டர், நிக்கோலோ பரெல்லா அதுக்கு நல்ல உதாரணம். ரெஜிஸ்டாங்கறது நிக்கற எடத்தோட பேரு இல்ல, செய்யற வேலையோட பேரு. ஆட்டத்தோட போக்கை யார் தீர்மானிக்கறாங்களோ அவங்கதான் ரெஜிஸ்டா. பின்னாடி நிக்கறவங்க எல்லாருக்கும் அந்தப் பேரைக் குடுத்துட்டா சொல்லு நீர்த்துப் போயிடும்.

தமிழுக்கு வருவோம். நடுகள வீரர்ங்கறது மிட்ஃபீல்டருக்குப் பொதுவான சொல், இலங்கைல மத்தியகள வீரர்னு எழுதுவாங்க, ரெண்டும் சரிதான், ஆனா ரெஜிஸ்டாவோட தனி வேலையை அது சொல்லாது. நேரா மொழிபெயர்த்தா ஆட்ட இயக்குநர். இது எல்லாருக்கும் புரியும், இயக்குங்கற வினையும் அழகு. ஆனா நடைமுறைல ஒரு சிக்கல் இருக்கு. க்ளப்ல ஆள் வாங்கற விக்கற வேலைக்கு ஸ்போர்ட்டிங் டைரக்டர்னு ஒருத்தர் இருப்பாரு, அவரையும் விளையாட்டு இயக்குநர்னுதான் எழுதறோம், மிலான் இயக்குநர்னு தலைப்பு வந்தா கோட்டு போட்டவரா சட்டை போட்டவரான்னு குழம்பும். இத்தாலியன்ல இந்தக் குழப்பம் வராது, அங்க ஆபீஸ்காரர் டிரெத்தோரே, ஆட்டக்காரர் ரெஜிஸ்டா.

நான் பரிந்துரைக்கறது நெறியாளர். இது கையில இருக்கற சொல், புதுசா செய்ய வேண்டியதில்ல. இலங்கைத் தமிழ் நாடகத்துல டைரக்‌ஷனுக்கு நெறியாள்கைன்னும் டைரக்டருக்கு நெறியாளர்னும் ரொம்ப காலமா சொல்றாங்க, அப்படின்னா இத்தாலியன் சொல் மாதிரியே இதுவும் நாடக மேடைலேர்ந்துதான் வருது. வேரையும் பாருங்க, நெறின்னா வழி, ஒழுங்கு, கூட ஆள்ங்கற வினை. லத்தீன் ரெகெரேல இருக்கற நேரா செலுத்து, வழி காட்டு, ஆளு, மூணும் நெறியாளருக்குள்ள அப்படியே உக்காந்திருக்கு. ஆண் பெண் ரெண்டு பேருக்கும் பொதுவாவும் இருக்கு. டிவி விவாதம் நடத்தறவரையும் ஆராய்ச்சி மாணவரோட வழிகாட்டியையும் நெறியாளர்னு சொல்றோமே, குழம்பாதான்னு கேக்கலாம். ஃபுட்பால் பேச்சுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் வர மாட்டாங்க, இயக்குநர் தெனமும் வருவாரு, வித்தியாசம் அதுதான். தெளிவு வேணும்னா முதல் தடவை ஆட்ட நெறியாளர்னு எழுதிட்டு அப்புறம் நெறியாளர்னு சுருக்கிக்கலாம்.

மெடியானோவுக்கு மறிப்பாளர், ட்ரெக்வார்டிஸ்டாவுக்கு முன்கள நெறியாளர்னு வச்சுக்கலாம்னு நெனைக்கறேன். மெட்ஸாலாவுக்கு எனக்கு இன்னும் நல்லதா ஒண்ணு அமையல, அதுவரைக்கும் மெட்ஸாலான்னே எழுதலாம். எழுத்துல இப்படி வரும்: பிர்லோ நெறியாளர், கட்டூசோ மறிப்பாளர், டொனாலி நெறியாளர் எடத்துல ஆடற மறிப்பாளர்.