ஒரு ‘பாசோ’ எத்தனை நிமிடம்?

1980-களில் மாட்ரிட்டில் ஒரு வீட்டுக்கு வந்த தொலைபேசி பில்லை எடுத்துப் பார்த்தால், யாரோடு பேசினார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்காது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்தத் தாளில் ‘குவோட்டா தே அபோனோ’ என்று ஒரு தொகை இருக்கும். அது மாத வாடகை. அப்புறம் ‘பாசோஸ்’ என்று ஓர் எண், அதை ஒரு விலையால் பெருக்கி, ஸ்பெயினின் அன்றைய நாணயமான பெசேட்டாவில் வந்த கணக்கு. 1986-க்குப் பிந்தைய பில் என்றால் மதிப்புக்கூட்டு வரியும் சேரும். அவ்வளவுதான்.

சொத்து வழக்குக்காகவோ பழைய கணக்குவழக்குக்காகவோ இந்தத் தாளை ஆங்கிலத்தில் பெயர்க்க உட்காருகிறவர் தடுக்கி விழும் இடம் அந்தப் பாசோஸ்தான். அகராதி ‘அடி’, ‘படி’ என்கிறது. ‘438 அடிகள்’ என்று பில்லில் எழுத முடியாது. சரி, நிமிடமாக இருக்கும் என்று ஊகித்து ‘438 நிமிடங்கள்’ என்று எழுதினால், படிக்கிறவருக்கு நன்றாகப் புரியும். ஆனால் தப்பு. இதற்கு அகராதி உதவாது, அழைப்புகளை இணைத்துத் தரும் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்குள் போக வேண்டும்.

பழைய எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு மீட்டர் உண்டு. ஸ்பானியத்தில் கொந்தாதோர். உள்ளே ஒரு கம்பிச்சுருள். அதில் ஒரு நொடிக்கும் குறைவாக மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். தகட்டின் நுனியில் இருக்கும் கொக்கி, பற்சக்கரத்தை ஒரே ஒரு பல் நகர்த்தும். எண் ஒன்று கூடும். மின்சாரம் நின்றதும் சுருள்வில் தகட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். சக்கரம் எடுத்து வைக்கும் அந்த ஓர் அடிதான் பாசோ. இதற்கு நேரமும் தெரியாது, தூரமும் தெரியாது, காசும் தெரியாது. அந்த மின்சாரத் துடிப்பு வந்தால் நகரும், அவ்வளவே.

இப்படி ஆயிரக்கணக்கான மீட்டர்கள் சட்டங்களில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். எண்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது என்பதால், பல நாடுகளில் மீட்டர் பலகைகளை அப்படியே புகைப்படம் எடுத்து, பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தார்கள். இந்தப் படத்தில் உள்ள எண்ணிலிருந்து போன படத்தில் உள்ள எண்ணைக் கழித்தால் பில். நான்கு இலக்க மீட்டர் 9999-க்குப் பிறகு 0000-க்குத் திரும்பிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முந்தைய அளவு 9874, இப்போதைய அளவு 0312 என்றால், 312-உடன் 10,000 சேர்த்துத்தான் கழிக்க வேண்டும். 438 பாசோ. இதைக் கவனிக்காத மொழிபெயர்ப்பாளர், அசலில் ஏதோ பிழை என்று அடிக்குறிப்பு போட்டுவிடும் ஆபத்து உண்டு.

மீட்டர் இவ்வளவு மந்தம் என்றால் தூரத்துக்கு ஏற்ற கட்டணம் எப்படி வந்தது? இங்கேதான் பழைய பொறியாளர்களின் சாமர்த்தியம். ஒரு பாசோவின் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். மாறுவது இரண்டு துடிப்புகளுக்கு இடையே உள்ள நேரம். உள்ளூர் அழைப்பா, துடிப்பு நிதானமாக வரும். மாட்ரிட்டிலிருந்து பார்சலோனாவா, படபடவென்று வரும். வெளிநாடு என்றால் கேட்கவே வேண்டாம். இரவில் சலுகைக் கட்டணம் என்றால் விலையைக் குறைப்பதில்லை, துடிப்பின் வேகத்தைக் குறைப்பார்கள். அரசு கட்டணத்தை உயர்த்தினால் எக்ஸ்சேஞ்சில் ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டாம், பில் அடிக்கும் இடத்தில் பாசோவின் விலை என்ற ஒரே எண்ணை மாற்றினால் போதும். கணினி இல்லாத காலத்தில் தூரம், நேரம், விலை மூன்றையும் ஒரு பற்சக்கரத்துக்குள் அடக்கிய இந்த ஏற்பாட்டை, இன்றைய எந்த ‘ஸ்மார்ட்’ மீட்டரை விடவும் அழகானது என்று தயங்காமல் சொல்வேன்.

ஒரு சிக்கல் மிச்சம். ஒவ்வொரு அழைப்புக்கும் தனித்தனியாகக் கடிகாரம் வைத்தால் செலவு எகிறும். ஃபின்லாந்துப் பொறியாளர் கார்ல்சன் பெயரால் அறியப்படும் முறை இதைத் தீர்த்தது. எக்ஸ்சேஞ்ச் முழுவதற்கும் பொதுவாக ஒரு துடிப்புக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். யார் பேச ஆரம்பித்தாலும் அவருடைய மீட்டர் அந்தப் பொதுத் துடிப்போடு இணைந்துகொள்ளும். துடிப்பு 60 நொடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 20 நொடி பேசுகிறீர்கள். அந்த 20 நொடிக்குள் துடிப்பு வந்து மாட்டினால் ஒரு பாசோ, மாட்டாவிட்டால் ஒன்றுமில்லை. மாட்டுவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்று. 90 நொடி பேசினால் ஒன்றோ இரண்டோ விழும், இரண்டுக்கும் சம வாய்ப்பு.

ஒரு தனி அழைப்பைப் பார்த்தால் இது அநியாயம் போலத் தெரியும். ஆனால் நூற்றுக்கணக்கான அழைப்புகளின் சராசரி, பேசிய நேரத்தைத் துடிப்பு இடைவெளியால் வகுத்தால் என்ன வருமோ அதை நெருங்கும். 90 நொடி அழைப்புகளின் சராசரி சரியாக ஒன்றரை. கம்பெனிக்கும் நஷ்டமில்லை, வாடிக்கையாளருக்கும் நஷ்டமில்லை. எதிர்முனையில் ரிசீவரை எடுத்த உடனேயே ஒரு பாசோ போட்டுவிட்டு, அதன்பிறகு இந்த முறையைத் தொடர்வதும் வழக்கத்தில் இருந்தது. அதில் குட்டி அழைப்பு பேசுகிறவர் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான்.

மீட்டர் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறதே, மதுக்கடையில் போன் வைத்திருப்பவர் வாடிக்கையாளரிடம் எப்படிக் காசு வாங்குவார்? இதற்கு எக்ஸ்சேஞ்ச் ஒவ்வொரு பாசோவுக்கும் லைனில் ஒரு சிறு ஒலித்துணுக்கை அனுப்பும். ஸ்பெயினில் அதன் அதிர்வெண் 12 கிலோஹெர்ட்ஸ். தொலைபேசிப் பேச்சு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைக்குள் அடங்கிவிடுவதால், பேசுகிறவர் காதுக்கு அது எட்டாது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மீட்டர் மட்டும் அதைப் பிரித்தெடுத்து எண்ணும். பேசி முடித்ததும் கடைக்காரர் எண்ணைப் பார்த்து, தன் பங்கு லாபத்தையும் சேர்த்துக் கணக்குச் சொல்வார். நம் ஊர் எஸ்டிடி பூத்தில் சிவப்பு எண்கள் ஓடியதும் இதே வித்தைதான், இங்கே 16 கிலோஹெர்ட்ஸ். ‘பல்ஸ் ரேட்’ பார்த்து ராத்திரி பேசக் காத்திருந்தவர்களுக்குப் பாசோவை விளக்கவே வேண்டாம்.

அதே பில்லில் இன்னொரு கண்ணி ‘கொன்ஃபெரென்சியா’. ஆங்கிலத்தில் ‘கான்ஃபரன்ஸ்’ என்று போட்டால், அந்த வீட்டில் பலரும் சேர்ந்து மாநாடு நடத்தியதாக ஆகிவிடும். இது நாம் டிரங்க் கால் என்று சொன்ன அதே சங்கதி. ஆபரேட்டரிடம் பதிவு செய்து, காத்திருந்து, அவர் இணைத்துத் தர, பேசுவது. ஆபரேட்டர் ஒரு சீட்டில் ஊர், தேதி, நேரம் எழுதுவார். மீட்டர் அசையாது. அதனால்தான் பாசோஸ் மொத்தமாக ஒரே எண்ணாகவும், கொன்ஃபெரென்சியா ஊர் பெயரோடு தனித்தனியாகவும் கணக்கில் வரும். ‘கோப்ரோ ரெவெர்தீதோ’ என்றால் அழைக்கப்பட்டவர் காசு கட்டிய அழைப்பு. ‘அவீசோ தே கொன்ஃபெரென்சியா’ இன்னும் பழையது. போன் இல்லாதவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி, இன்ன நேரத்துக்கு டெலிபோன் ஆபீசுக்கு வாருங்கள் என்று சொல்லிவிடுவது. இதெல்லாம் ஏதோ கற்கால விஷயம் இல்லை. ஸ்பெயினின் தேசியத் தொலைபேசிக் கம்பெனி 1924-இல் தொடங்கியது, 1926-இல் சான்டாண்டரில் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வைத்தது. ஆனால் நாட்டின் கடைசி ஆபரேட்டர் பலகை, கிரனாடா மாகாணத்தின் போலோபோஸ் என்ற ஊரில், 1988 டிசம்பரில்தான் ஓய்வு பெற்றது.

பாசோவுக்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது என்பது, படிக்கப்போகிறவர் யார் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனிலும் 1958-இல் பிரிஸ்டலில் நேரடி டயலிங் தொடங்கியபோது இதே துடிப்பு முறைதான் வந்தது, அங்கே பில்லில் ‘யூனிட்ஸ்’ என்றார்கள். ஆகவே லண்டன் வாசகருக்கு ‘மீட்டர்டு யூனிட்ஸ்’ போதும். அமெரிக்காவில் உள்ளூர் அழைப்பு பல இடங்களில் மாதத்துக்கு இவ்வளவு என்ற மொத்தக் கட்டணத்தில் அடங்கிவிடும், வெளியூர் அழைப்பு சீட்டு வாரியாக வரும். நியூயார்க் மாதிரி சில நகரங்களில் மட்டும் ‘மெசேஜ் யூனிட்’ புழங்கியது. மற்ற ஊர்க்காரருக்கு ஒரு வரி விளக்கம் சேர்ப்பதே நல்லது.

நிமிடமாக மாற்றித் தரச் சொல்லி வக்கீல் கேட்டால், முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். 438 பாசோ என்பது இரண்டு மாதம் முழுக்கப் பக்கத்துத் தெருவோடு பேசிய அரட்டையாகவும் இருக்கலாம், பாரிசுக்குக் கொஞ்ச நேரம் பேசியதாகவும் இருக்கலாம். மீட்டர் கூட்டிக்கொண்டே போனது, எதை எதோடு கூட்டியது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் வந்து ஒவ்வொரு அழைப்புக்கும் தனிப் பதிவு போட ஆரம்பித்த பிறகுதான், எந்த எண்ணுக்கு எத்தனை நொடி என்ற விவரம் பில்லில் அச்சாக வழி பிறந்தது.