புழுங்கல் அரிசியைக் கைவிடும் முன்

உணவு ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் பலர், புழுங்கல் அரிசிச் சோற்றில் வாடை அடிக்கிறது, கனமாக இருக்கிறது என்று பளிச்சென்ற பச்சரிசிக்கு மாறிவிட்டதாகச் சொல்கிறார்கள். காய்கறி, பருப்பு, முட்டை, மீன் என்று தட்டு நிறைந்திருக்கும் வீட்டில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. சோறே பிரதானமாகவும் தொடுகறி பேருக்கு மட்டும் இருக்கும் வீடுகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

நெல்லின் தவிட்டிலும் முளையிலும்தான் தயமின் என்னும் பி1 வைட்டமின் அதிகம். பச்சையாகவே அரைத்துத் தீட்டினால் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அதில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. மணியும் இறுகுவதால் குத்தும்போது நொய் குறைகிறது. அண்டாவில் நெல் அவித்துக் களத்தில் காயவைத்த நம் பாட்டிமார் எந்த வைட்டமினையும் அறிந்து அதைச் செய்யவில்லை. ஆனால் அந்த உழைப்பு பல தலைமுறைகளைக் காத்தது.

இதற்கான சான்று மலாயாவில் கிடைத்தது. அங்கே தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களை, தயமின் குறைவால் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களிடம் அந்நோய் அரிதாகவே இருந்தது. 1905-இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் ஒரு பிரிவினருக்குச் சயாம் பச்சரிசியும் இன்னொரு பிரிவினருக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை. அந்த நோயாளிகளிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் அன்று இல்லை. அந்த 18 உயிர்களை நினைக்காமல் இந்த ஆய்வைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை. பிறகு 1918-இல் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

தயமின் நீரில் கரையும். அரிசியை நாலைந்து தண்ணீர் விட்டு அழுத்திக் கழுவினால் கழனீரோடு போகும். சோறு வடித்தால் கஞ்சியோடு போகும். இரண்டிலும் பச்சரிசிக்குத்தான் இழப்பு அதிகம். ஆகவே மண்ணும் தூசியும் போகும் அளவுக்குக் கழுவினால் போதும். வடிகஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடிக்கலாம், குழம்பிலும் சேர்க்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சோற்றின் அளவு தனிக் கணக்கு. அதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பில் தயமின் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்குத்தான் வரும். விடாமல் மது குடிப்பவர்களும், கர்ப்பத்தில் ஓயாத வாந்தியால் சாப்பிட முடியாதவர்களும் கவனமாக இருக்க வேண்டும். பாதத்தில் எரிச்சல், கெண்டைக்கால் வலி, கால் வீக்கம், நடந்தால் மூச்சு வாங்குதல் ஆகியவை தெரிந்தால் அசதி என்று விட்டுவிடாதீர்கள்.

எல்லோரையும்விட நான் அஞ்சுவது பிள்ளை பெற்றவளின் பத்தியத்தைக் கண்டுதான். பருப்பு வாயு, கீரை மந்தம், மீன் ஆகாது என்று ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, குழைந்த பச்சரிசிச் சோறும் ரசமும் மட்டும் போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் தாய்க்குத் தயமின் குறைந்தால் பாலிலும் குறையும். இரண்டு மூன்று மாதக் குழந்தை பால் குடிக்க மறுத்தால், வாந்தி எடுத்தால், அழும் குரல் கம்மினால், மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். தாய் என்ன பத்தியத்தில் இருக்கிறாள் என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காரணம் தயமின் குறைவுதான் என்றால், ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே குழந்தை தேறத் தொடங்கும்.