பொட்டென்ஷியோமீட்டர்: எதையும் அளக்காத மானி

கடைக்குப் போய் யாரும் ‘பொட்டென்ஷியோமீட்டர் கொடுங்க’ என்று கேட்பதில்லை. ‘பத்து கே வால்யூம் கன்ட்ரோல்’ என்போம் (பத்து கே என்றால் பத்தாயிரம் ஓம் தடை), கொஞ்சம் பழகியவர்கள் ‘பத்து கே பாட்’ என்பார்கள். மூன்று கால், மேலே ஒரு தண்டு, அதில் மாட்ட ஒரு குமிழ். ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் நாம் திருகுவது இதைத்தான்.

பெயரைப் பிரித்தால், முன்பாதி வல்லமை என்று பொருள்படும் லத்தீன் ‘பொட்டென்ஷியா’விலிருந்து வந்தது. மின்னியலில் அது மின்னழுத்தத்தைக் குறிக்கிறது. பின்பாதி ‘மெட்ரான்’, அளவு என்னும் கிரேக்கச் சொல். ஆக, மின்னழுத்தத்தை அளக்கும் கருவி. அப்படி ஒரு கருவி இருக்கவும் செய்தது. ஜெர்மனியின் பொகண்டார்ஃப் 1841-இல் மின்கலத்தின் மின்னியக்கு விசையை (கலம் தரக்கூடிய முழு மின்னழுத்தத்தை), கலத்திலிருந்து மின்னோட்டம் எடுக்காமலே அளக்கும் வழியைச் சொன்னார். அந்த வழியில் பிறந்ததுதான் பிளஸ் டூ இயற்பியல் ஆய்வகத்தில் மரப்பலகைமேல் பத்து மீட்டர் கம்பியோடு கிடக்கும் மின்னழுத்தமானி. கம்பிமேல் தொடுசாவியை நகர்த்தி, கால்வனாமீட்டர் முள் எந்த இடத்தில் பூச்சியத்துக்கு வருகிறது என்று தேடிய நினைவு பலருக்கும் இருக்கும்.

நீளமான தடை ஒன்று, அதன்மேல் நகரும் தொடுமுனை ஒன்று. இந்த அமைப்பு மட்டும் ஆய்வகத்தைவிட்டு ரேடியோவுக்குள் வந்தது. கம்பி போய்க் கரிப்பட்டை வந்தது, தொடுசாவி நடுக்காலாக மாறியது. அளக்கும் வேலை போய்விட்டது, ஆனால் ‘மீட்டர்’ என்ற ஒட்டு மட்டும் போகவில்லை. அதை அப்படியே தமிழாக்கி, மூன்று கால் குமிழையும் ‘மின்னழுத்தமானி’ என்று எழுதுகிறோம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

ஏன் என்று மல்டிமீட்டரே காட்டிவிடும். பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய ‘பி10கே’ ஒன்று என் மேசையில் இருக்கிறது. (சர்க்யூட்டில் இருக்கும்போதே அளந்தால் பக்கத்துத் தடைகளும் சேர்ந்து தவறாகக் காட்டும், கழற்றித்தான் பார்க்க வேண்டும்.) மல்டிமீட்டரை 20கே ஓம் வரம்பில் வைத்து ஓரக்கால்கள் இரண்டையும் தொட்டேன்: 9.4 கிலோ ஓம். கரிப்பட்டை வகையில் 20 சதவீதம்வரை கூடக்குறைய இருக்கலாம், ஆகவே நல்ல பொருள்தான். குமிழைத் திருகினாலும் இந்த எண் மாறாது. அப்புறம் நடுக்காலையும் இடக்காலையும் தொட்டேன்: 3.1. குமிழை அசைக்காமல் நடுக்கால், வலக்கால்: 6.3. கூட்டிப் பாருங்கள், அதே 9.4. ஒன்று கூடினால் மற்றது அதே அளவு குறையும். இனி 9 வோல்ட் பேட்டரியின் மைனஸை இடக்காலுக்கும் பிளஸை வலக்காலுக்கும் கொடுத்து, மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி இடக்காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே அளந்தால் ஏறக்குறைய 3 வோல்ட் இருக்கும். வந்த அழுத்தத்தை இரண்டு பங்காக்கி ஒன்றை வெளியே தருகிறது. அதன் வேலை பகுப்பது.

பழுதும் இதே சோதனையில் தெரிந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மறுபடி ஓம் வரம்பில் நடுக்காலையும் ஓரக்கால் ஒன்றையும் தொட்டபடி மெல்லத் திருகும்போது எண் சீராக ஏற வேண்டும். நடுவில் துள்ளினாலோ, திரையின் இடது ஓரத்தில் வெறும் ‘1’ நின்றாலோ அந்த இடத்தில் பட்டை தேய்ந்திருக்கும், அல்லது அழுக்கு சேர்ந்திருக்கும். ஸ்பீக்கரில் வரும் கரகரப்புக்கு இது அடிக்கடி காரணமாகிறது. துள்ளலைப் பார்க்க எண் மீட்டரைவிட முள் மீட்டர்தான் எனக்குப் பிடிக்கும், சின்ன உதறலும் கண்ணில் படும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஆய்வகக் கருவிக்கு ‘மின்னழுத்தமானி’ பொருத்தமான பெயர், அது இருக்கட்டும். இலங்கைப் பாடநூல்கள் அதை ‘அழுத்தமானி’ என்கின்றன, தமிழ்நாட்டு வாசகருக்கோ அது காற்றழுத்தத்தை நினைவூட்டும். குமிழுள்ள பாகத்துக்கு ‘அழுத்தப் பகுப்பான்’ என்று எழுதலாம் என்பது என் முடிவு. நடுக்காலையும் ஓரக்கால் ஒன்றையும் மட்டும் சர்க்யூட்டில் இணைத்தால் பகுக்க வழியில்லை, தடை மட்டுமே மாறும். அப்போது அதை ‘மாறுதடை’ என்று சொன்னால் போதும்.