‘உலர்ந்த ஒயின்’ என்று ஒன்று இல்லை

இத்தாலியச் சமையல் குறிப்புகளைத் தமிழில் படிப்பவர்கள் ‘ஒரு கோப்பை உலர்ந்த சிவப்பு ஒயின் ஊற்றவும்’ என்ற வரியைப் பார்க்காமல் தப்ப முடியாது. உலர்ந்ததை எப்படி ஊற்றுவது என்று எழுதியவரும் கேட்கவில்லை, பிழைதிருத்தியவரும் கேட்கவில்லை.

மூலச்சொல் இத்தாலிய மொழியில் ‘செக்கோ’, பிரெஞ்சில் ‘செக்’. இரண்டும் லத்தீன் ‘சிக்குஸ்’ வழி வந்தவை. ஆங்கில ‘டிரை’யும் ஜெர்மன் ‘ட்ரோக்கன்’னும் அதே பொருளின. ஈரமற்றது என்பது நேர்ப்பொருள். ஒயினைப் பற்றிப் பேசும்போது மட்டும் இனிப்பற்றது. பழச்சாறு நொதிக்கையில் ஈஸ்ட் அதிலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது. மிச்சச் சர்க்கரை லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் போகாவிட்டால் அது ‘செக்கோ’ என்கிறது ஐரோப்பிய ஒன்றிய விதி. அமிலம் தக்க அளவு இருந்தால் 9 கிராம் வரை ஏற்கிறது.

“ஐரோப்பியர் எல்லோரும் காய்ந்தது என்றுதானே சொல்கிறார்கள், நாமும் சொன்னால் என்ன?” என்று வாதிடுவோர் உண்டு. சொல்லக்கூடாது. ஏனென்றால் தமிழில் ‘உலர்’ என்ற சொல் திராட்சையோடு ஏற்கெனவே ஒட்டிவிட்டது. உலர் திராட்சை என்றால் பாயசத்தில் போடுவது. ஒயினையும் தமிழாக்கி ‘உலர் திராட்சை மது’ என்று எழுதினால், அந்தப் பழத்தில் வடித்தது என்றுதான் எந்தத் தமிழரும் படிப்பார். அப்படி ஒரு மது உண்மையிலேயே இருக்கிறது. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் அறுவடை செய்த திராட்சைக் குலைகளைப் பாயில் பரப்பியோ உத்தரத்தில் தொங்கவிட்டோ மாதக்கணக்கில் சுருங்கவைத்து, பிறகு பிழிந்து வின் சான்டோ செய்கிறார்கள். அது பெரும்பாலும் தித்திக்கும். பாதாம் போட்ட கான்டுச்சி பிஸ்கட்டை அதில் தோய்த்துத் தின்பார்கள். அதே டஸ்கனியின் கியாந்தியோ இனிப்பற்ற சிவப்பு ஒயின். ஆக, ‘உலர்’ என்ற மொழிபெயர்ப்பு கியாந்தி கேட்டவரை நேர் எதிரான புட்டியின் முன் நிறுத்துகிறது. அங்குள்ள இம்ப்ரூனேத்தா ஊரின் பெப்போசோ என்ற கறிக்கு மாட்டிறைச்சியை மிளகு, பூண்டோடு சிவப்பு ஒயினில் மணிக்கணக்காகக் குழைய வேகவைப்பார்கள். அதில் தித்திப்பு ஒயினை ஊற்றினால் குழம்பு வற்ற வற்றச் சர்க்கரை ஏறி, கறி பாழாகும்.

இன்னொரு சாரார் ‘துவர்ப்பு ஒயின்’ என்கிறார்கள். நாக்கை நினைத்துச் சொன்ன சொல் என்பதால் இதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஏற்க முடியாது. துவர்ப்பு என்பது பழத்தோலிலும் விதையிலும் உள்ள டானின் தருவது. தித்திக்கும் ஒயினும் துவர்க்கலாம். இனிப்பற்ற வெள்ளை ஒயினில் துவர்ப்பு அநேகமாக இருக்காது. டானினின் சுவைக்கென்றே அந்த நல்ல சொல்லை நாம் காப்பாற்றி வைக்க வேண்டும். கியாந்தியைப் பற்றி எழுதும்போது அது கட்டாயம் தேவைப்படும். கியாந்தியில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல், கருஞ்சேவல் முத்திரை பதித்த கியாந்தி கிளாசிக்கோவில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் சாஞ்சோவேசே திராட்சை இருக்க வேண்டும். அதற்குத் துவர்ப்பும் உண்டு, புளிப்பும் உண்டு. மூன்று விரல் கனத்தில் வெட்டி, தணலில் வாட்டி, உள்ளே சிவப்பு மாறாமல் எடுக்கும் ஃபிளாரன்ஸ் மாட்டிறைச்சித் துண்டின் கொழுப்பும் புரதமும் அந்தத் துவர்ப்பைத் தணிக்கின்றன. தக்காளிச் சாற்றின் புளிப்புக்கு ஒயினின் புளிப்பு ஈடுகொடுக்கிறது. செம்மறியாட்டுப்பால் பெக்கொரீனோ பாலாடைக்கட்டி, பெருஞ்சீரகம் மணக்கும் ஃபினொக்கியோனா சலாமி, காட்டுப்பன்றிக் குழம்பு ஊற்றிய பப்பார்தெல்லே என்னும் பட்டை பாஸ்தா எல்லாமே அதற்குத் தோதானவை.

ஆகவே ‘இனிப்பற்ற ஒயின்’ என்பதே சரி. புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை, கடைக்காரருக்கும் புரியும். ஒயினைக்கூடத் தமிழாக்கி ‘திராட்சை ரசம்’ என்போர், பழச்சாற்றுக் கடையில் அதே பெயரில் என்ன தருகிறார்கள் என்று பார்க்கட்டும். தேவாலயத்தில் அச்சொல் நிலைத்துவிட்டது, அங்கே இருக்கட்டும்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் பொருளை விட்டுவிட்டு அகராதியின் முதல் வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். ‘முழு உடல் கொண்ட ஒயின்’ என்று அச்சிடுகிறார்கள். வாயில் கனமாக நிற்பதைத்தான் அது குறிக்கிறது; ‘கனமான ஒயின்’ என்றால் போதும். ‘நீண்ட முடிவு’ என்கிறார்கள். விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்பதற்குப் ‘பின்சுவை’ என்று எழுதலாமே. அறுசுவையைப் பெயர் சொல்லிப் பிரித்த மொழியில் சுவையைப் பற்றி எழுத உட்கார்ந்தவர், ஒரு மிடறு குடித்தவரிடமாவது கேட்டுவிட்டு எழுதலாம்.