அப்ரண்டிஸ் என்றால் பழகுநர், பயிற்சியாளர் அல்லர்

"பயிற்சியாளர்கள் தேவை. தேர்வாகும் பயிற்சியாளர்களுக்கு அனுபவம் மிக்க பயிற்சியாளர்கள் பயிற்சி அளிப்பார்கள்." ஒரு தொழிற்சாலையின் அறிவிப்பில் நான் படித்த வரிகள் இவை. ஐடிஐயில் ஃபிட்டர் முடித்த பக்கத்து வீட்டுப் பையன் முதல் இரண்டு சொற்களைப் பார்த்ததுமே, கற்றுக்கொடுக்க ஆள் கேட்கிறார்கள் என்று எண்ணித் தாளை மடித்து வைத்துவிட்டான். அவர்கள் கேட்டதோ வேலை கற்க வரும் அப்ரண்டிஸ்களை. அவன் அம்மா அதை என்னிடம் கொண்டுவந்தபோது விண்ணப்பிக்கும் நாள் கடந்திருந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அப்ரண்டிஸ் என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதன் வேர், பற்றிப் பிடிப்பதைக் குறிக்கும் லத்தீன் வினை. ஒரு தொழிலை அதன் இடத்திலேயே, தெரிந்தவரின் பக்கத்தில் நின்று கற்பவர் அப்ரண்டிஸ். தமிழில் இவருக்குத் தொழில் பழகுநர் என்று பெயர். 1961ஆம் ஆண்டின் சட்டத்தையும் தொழில் பழகுநர் சட்டம் என்றே எழுதி வருகிறோம்.

பிறகு ஏன் பயிற்சியாளர்? இதை ஆதரிப்பவர்கள் இலக்கணம் காட்டுகிறார்கள். முயல் என்பதிலிருந்து முயற்சி வந்ததுபோல், பயில் என்பதிலிருந்து வந்தது பயிற்சி; பயில்வது கற்பவர் செயல்; ஆகவே பயிற்சியாளர் கற்பவரே என்கிறார்கள். இலக்கணப்படி அவர்கள் சொல்வது சரிதான். கற்பிப்பவரைச் சொல்லப் பயிற்று என்ற பிறவினையும், அதிலிருந்து பயிற்றுநர் என்ற நல்ல சொல்லும் இருக்கின்றன. ஆனால் விளையாட்டுப் பக்கங்கள் கிரிக்கெட் அணிக்குக் கற்பிப்பவரைப் பயிற்சியாளர் என்று எழுதி எழுதி, அந்தப் பொருளை ஊன்றிவிட்டன. இன்று எந்தச் சிறுவனிடம் கேட்டாலும் பயிற்சியாளர் என்றால் கற்றுக்கொடுப்பவர் என்றுதான் சொல்வான். ஒரே சொல் ஆசிரியரையும் மாணவரையும் குறிக்குமானால் அது எவ்வளவு தூய தமிழாக இருந்தும் பயனில்லை. தூய்மையை நானும் விரும்புகிறவன்தான். ஆனால் வேலை தேடுகிறவன் கையில் கொடுக்கும் தாளில் தெளிவுதான் முதலில் வேண்டும்.

பழகுநர் யாருக்கும் புரியாது என்று சொல்லிவிட முடியாது. வாகனம் ஓட்டக் கற்பவருக்குப் போக்குவரத்துத் துறை தருவது பழகுநர் உரிமம். பட்டறையிலும் தறிக்கூடத்திலும் 'பையன் வேலை பழகுகிறான்' என்றுதான் பேசுகிறோம். சித்திரமும் கைப்பழக்கம் என்ற முதுமொழியில் இருப்பதும் அந்தப் பழக்கமே. பயில்வது ஏட்டை வைத்தும் நடக்கும்; பழகுவதற்குக் கை வேண்டும், நாள் வேண்டும். பயிலுநர் என்ற சொல்லையும் நான் மறுக்கவில்லை. பொதுவாகப் பயிற்சி பெறும் எவருக்கும் அது பொருந்தும். அப்ரண்டிஸ் அதைவிடக் குறுகிய, சட்டம் வரையறுத்த நிலை என்பதால் அதற்குத் தனிச்சொல் வேண்டும். அச்சில் அப்ரண்டிஸ் என்றே போட்டாலும் எனக்குக் குறையில்லை. அதையாவது அந்தப் பையன் புரிந்துகொண்டிருப்பான்.

சட்டம் வரையறுத்த நிலை என்றேனே, அதையும் செய்தி எழுதுகிறவர்கள் குழப்புகிறார்கள். பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் உண்டு. ஆனால் அவர் தொழிலாளர் அல்லர் என்று சட்டமே சொல்கிறது. அவர் பெறுவது சம்பளம் அன்று, உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கொடுத்தாக வேண்டும் என்ற பொதுக் கட்டாயமும் இல்லை. அப்படியிருக்க, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையோ திருச்சி பெல் நிறுவனமோ பழகுநர் சேர்க்கை அறிவித்தால், 'மத்திய அரசு வேலை' என்று தலைப்புப் போடுகிறார்கள். அதை நம்பி, கையில் இருக்கும் சிறு வேலையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 2019ஆம் ஆண்டின் விதிமாற்றத்துக்குப் பிறகு, 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். இத்தனை அறிவிப்புகள் வரும் காலத்தில், மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லுக்காக ஐந்து நிமிடம் செலவிட மறுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எழுத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர், இயக்குநர் போலப் பழகு என்ற வினையோடு 'நர்' சேர்ந்து பழகுநர். 'பழகுனர்' பிழை.