பழைய தரவைப் புதிய செயலி எப்படி அடையாளம் காண்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் டாக்கர் வழியாக கிட்டீ ஓடுகிறது. ஃபோர்ஜெயோவுக்கு மாற, கம்போஸ் கோப்பில் இமேஜ் பெயரை மாற்றினால் போதும் என்கிறார்கள். பழைய கன்டெய்னர் அழிந்து வேறொரு குழுவின் செயலி வந்து உட்காரும்போது, என் ரெப்போக்களும் பயனர் கணக்குகளும் எப்படித் தப்பும்?"

கிட்டீயும் ஃபோர்ஜெயோவும், கிட் என்ற கருவி மாற்ற வரலாற்றோடு பேணும் நிரல் தொகுப்புகளை (அவைதான் ரெப்போக்கள்) நம் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள உதவும் செயலிகள். டாக்கர் ஒரு செயலியை அதற்கு வேண்டிய கோப்புகளோடு தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி. அந்தப் பெட்டி கன்டெய்னர், அதை வார்க்கும் அச்சு இமேஜ், எந்த இமேஜை எப்படி ஓட்டுவது என்று எழுதிவைப்பது கம்போஸ் கோப்பு.

வாசகரின் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தரவு அழியாமல் இருப்பது எப்படி? அழியாமல் இருந்தாலும், புதிய செயலிக்கு அது புரிவது எப்படி?

முதலாவது எளிது. கன்டெய்னருக்குள் நமக்குத் தெரியும் கோப்புகள் அடுக்கடுக்கானவை. கீழே இமேஜின் அடுக்குகள். அவற்றைப் படிக்க மட்டுமே முடியும். மேலே எழுதக்கூடிய ஒரு மெல்லிய அடுக்கு. கன்டெய்னரை அழித்தால் அந்த மேல் அடுக்குதான் போகும். கிட்டீயின் ரெப்போக்கள், தரவுத்தளம், அமைப்புக் கோப்பு எல்லாம் 'டேட்டா' என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. அந்த ஃபோல்டர் வால்யூமாக வெளியே, உங்கள் வட்டில் இருக்கிறது. கன்டெய்னர் அதை எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஒரே எச்சரிக்கை: 'டாக்கர் கம்போஸ் டவுன்' கட்டளையோடு 'ஹைஃபன் வி' சேர்த்துவிடாதீர்கள். அது பெயரிட்ட வால்யூம்களையும் சேர்த்து அழித்துவிடும்.

இரண்டாவது கேள்விக்குப் போகும் முன் கொஞ்சம் வம்சாவளி. 2014-இல் தொடங்கிய காக்ஸ் என்ற இதே வகைச் செயலியிலிருந்து 2016-இல் கிட்டீ பிரிந்தது. 2022 அக்டோபரில் கிட்டீயின் பெயருக்கான உரிமையும் இணைய முகவரிகளும் ஒரு வணிக நிறுவனத்தின் கைக்குப் போயின. அதை ஏற்காதவர்கள் அந்த டிசம்பரில், பெர்லினைச் சேர்ந்த கோட்பெர்க் என்ற லாப நோக்கற்ற சங்கத்தின் ஆதரவில் ஃபோர்ஜெயோவைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் அது கிட்டீயின் மாற்றங்களை எல்லாம் தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருந்தது. 2024-இன் தொடக்கத்தில் முழுமையாகப் பிரிந்து தனி வழி போனது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிட்டீயின் தரவுத்தளத்தில் 'வெர்ஷன்' என்றொரு அட்டவணை உண்டு. அதில் இருப்பது ஒரே ஒரு வரிசை, அதில் ஒரு முழு எண். செயலியின் மூல நிரலிலோ வரிசை எண்ணிட்ட படிகளின் நீண்ட பட்டியல் இருக்கிறது: இந்த அட்டவணையில் ஒரு நெடுவரிசை சேர், அந்தக் குறியீட்டை நீக்கு, பழைய மதிப்புகளைப் புதிய வடிவில் எழுது. ஒவ்வொரு படியும் ஒரு சிறு நிரல். செயலி தொடங்கியதும் முதலில் அந்த எண்ணைப் படிக்கிறது. தடுப்பூசி அட்டையைப் பார்த்துவிட்டு, இனி போடவேண்டிய ஊசிகளை மட்டும் வரிசையாகப் போடும் செவிலியரைப் போல, விடுபட்ட படிகளை மட்டும் இயக்குகிறது. ஒரு படி முடிந்ததும் எண்ணை ஒன்று கூட்டி எழுதிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும். நடுவில் மின்சாரம் போனாலும், மறுபடி எழும்போது எந்தப் படியில் நின்றோம் என்பது அதற்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு படியே பாதியில் அறுந்திருக்கலாம். அதனால்தான் மாற்றத்துக்கு முன் கன்டெய்னரை நிறுத்திவிட்டு டேட்டா ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுக்கச் சொல்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்தால் பாதி எழுதிய பக்கங்களும் அதில் சேர்ந்துவிடும்.

படிகளுக்குள்ளும் அழகு உண்டு. வீட்டு சர்வர்களில் பெரும்பாலும் இருப்பது எஸ்க்யூலைட் என்ற எளிய தரவுத்தளம். 2021 வரை அதில் ஒரு நெடுவரிசையை நேரடியாக நீக்கும் வசதியே கிடையாது. எனவே தற்காலிகமாகப் புதிய அட்டவணை ஒன்றை உருவாக்கி, வேண்டிய தரவை அதில் ஊற்றி, பழையதை அழித்து, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதே அட்டவணை.

இப்போது ஃபோர்ஜெயோ செய்ததைப் பாருங்கள். அவர்களுக்கும் தரவுத்தளத்தில் சொந்த மாற்றங்கள் தேவைப்பட்டன. அவற்றை கிட்டீயின் பட்டியலின் கடைசியில் சேர்த்திருந்தால் என்ன ஆகும்? அதே எண்ணில் கிட்டீ வேறொரு படியை எழுதியிருக்கும். எண் ஒன்று, பொருள் இரண்டு. தரவுத்தளத்தின் எண்ணை மட்டும் பார்த்து உள்ளே என்ன நடந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. எனவே ஃபோர்ஜெயோ தனக்கென்று இன்னொரு அட்டவணையை வைத்துக்கொண்டது. கிட்டீயிலிருந்து வந்த படிகளுக்குப் பழைய எண், தன் படிகளுக்குத் தனி எண். பொதுவான வரலாறு எதுவரை, தனி வரலாறு எது என்பது இரண்டு எண்களில் தெளிவாகிவிட்டது. இவ்வளவு சிக்கனமான தீர்வைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைகிறது.

பாதை எங்கே முடிகிறது என்பதும் இதனால் விளங்கும். கிட்டீ 1.22 வரை இருப்பவர்கள் நேராக ஃபோர்ஜெயோ 10-க்கு மாறலாம். பிறகு அதிலிருந்து அடுத்தடுத்த பதிப்புகளுக்கு. கிட்டீ 1.23 இயங்கிவிட்ட தரவுத்தளத்தின் எண்ணோ ஃபோர்ஜெயோவின் பட்டியலைத் தாண்டியிருக்கும். தனக்குத் தெரியாத எதிர்காலத்திலிருந்து வந்த தரவு என்று கண்டு செயலி தொடங்கவே மறுக்கும். அந்த மறுப்பு நமக்குப் பாதுகாப்பு. சிலர் அந்த எண்ணைக் கையால் குறைத்து எழுதி ஏமாற்றச் சொல்கிறார்கள். செயலி திறக்கும், அட்டவணைகளின் வடிவம் மாறாது. பிழை பல வாரம் கழித்து, யாரும் எதிர்பாராத பக்கத்தில் வெடிக்கும். பொருள் தெரியாமல் கட்டளைகளை மந்திரம்போல ஒட்டுவதும் மூடநம்பிக்கைதான்.

இந்தப் படிகளை எழுதிச் சோதிப்பது புகழ் தராத, பொறுமை கேட்கும் உழைப்பு. நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளை போன்றவை ஃபோர்ஜெயோவின் சில பணிகளுக்கு நிதி அளித்திருக்கின்றன. நம் ஊரில் ஆராய்ச்சி நிதி என்றாலே புதிதாக எதையாவது கண்டுபிடி என்றுதான் கேட்கிறோம். இருப்பதைப் பழுதில்லாமல் அடுத்த தலைமுறைக்குக் கடத்துபவருக்கும் பொதுப் பணம் போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏற்கெனவே 1.23-ஐத் தாண்டிவிட்டவர்கள் கலங்க வேண்டாம். கிட் ரெப்போக்களுக்கு இந்த எண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஃபோர்ஜெயோவைத் தனியாக நிறுவி, அதிலேயே உள்ள இறக்குமதி வசதியில் கிட்டீயின் முகவரியையும் டோக்கன் என்ற அனுமதிச் சாவியையும் கொடுத்தால் ரெப்போ, இஷ்யூ (பிழை, கோரிக்கைப் பதிவுகள்), லேபிள், ரிலீஸ் எல்லாம் வந்துசேரும். ஒவ்வொரு ரெப்போவாக இழுக்கவேண்டும். பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களும் வராது, அவற்றைப் புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.