கடைசிக் குரல் பதிவாகும்வரை காத்திருக்கலாமா?

இரவு முழுவதும் ஒலிப்பதிவுக் கருவியைக் காட்டில் விட்டுவைத்து, மறுநாள் அதன் மெமரி கார்டைக் கணினியில் செருகி, வௌவால்கள் எத்தனை முறை அந்த வழியாகப் பறந்தன என்று பார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. வௌவால் எழுப்பும் மீயொலி மனிதக் காதுக்கு எட்டாது. அதனால் அதைக் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதே அதிகம். திரையில் நேரம் இடமிருந்து வலமாக ஓடும்போது ஒவ்வொரு ஒலியும் ஒரு சிறு கீற்றாக, ஹாக்கி மட்டையைச் சாய்த்து வைத்ததுபோல் விழும். பூச்சியை நெருங்க நெருங்க அந்தக் கீற்றுகள் இறுகிக்கொண்டே வந்து, பிடிக்கும் நொடியில் ஒரே கறையாகக் கலந்துவிடும். அதைப் பார்த்ததும், எங்கோ இருட்டில் ஒரு வௌவாலுக்கு இரவு உணவு கிடைத்துவிட்டது என்று புரியும். ஒரே வௌவால் பத்து முறை வட்டமடித்தால் பத்துப் பதிவுகள் கிடைக்கும் என்பதால், இது தலைக்கணக்கு ஆகாது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே மாதத்தில், ஆண்டுக்கு ஆண்டு வைத்துப் பார்த்தால் போக்கு தெரிந்துவிடும். கீற்றுகள் குறைந்துகொண்டே வரும் ஆண்டுகளில் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவின் ஆட்சிக்குட்பட்ட கிறிஸ்துமஸ் தீவில் மட்டுமே வாழ்ந்த, நான்கு கிராம்கூட எடையில்லாத ஒரு சிறு வௌவால் இனத்தின் கதையை என் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். 1980களில் தீவு முழுவதும் சாதாரணமாகக் காணப்பட்ட அந்த இனம் 1990களிலிருந்து தொடர்ந்து குறைந்து வந்தது. அது குறைவது கண்காணிப்பில் தெளிவாகப் பதிவானது, அறிக்கைகளும் எழுதப்பட்டன. மிஞ்சியவற்றைப் பிடித்துக் கூண்டில் இனப்பெருக்கம் செய்ய வேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். அதற்கான அரசு ஒப்புதல் 2009 ஜூலையில்தான் வந்தது. ஆகஸ்டில் பிடிக்கப்போன குழுவுக்குத் தீவில் ஒரே ஒரு வௌவாலின் ஒலிதான் கிடைத்தது, அதையும் பிடிக்க முடியவில்லை. 2009 ஆகஸ்ட் 26 இரவுக்குப் பிறகு அந்த ஒலி எந்தக் கருவியிலும் பதிவாகவில்லை. 2017இல் அது அற்றுப்போன இனமாக அறிவிக்கப்பட்டது.

அந்த வௌவாலைக் கொன்றது எது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை. வெளியிலிருந்து வந்த எறும்பு, பாம்பு, பூனை, எலி என்று சந்தேகப் பட்டியல் நீளமானது. காரணம் தெரியாததால் முடிவெடுக்கக் காத்திருந்தார்கள். காத்திருந்த காலத்தில் அந்தக் காரணம், அது எதுவாக இருந்தாலும், தன் வேலையை முடித்துவிட்டது. “மேலும் தரவுகள் தேவை” என்ற சொற்றொடரை நானும் அறிக்கைகளின் முடிவில் எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது அறிவியல் பணிவாகத் தோன்றும். உள்ளபடி பார்த்தால், முடிவெடுக்க வேண்டியவருக்கு நாம் எழுதிக்கொடுக்கும் விடுப்புச் சீட்டு அது. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய என் அறிக்கையையே எடுத்து நீட்டி, “நீங்கள்தானே இன்னும் ஆய்வு வேண்டும் என்றீர்கள்?” என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

தாமதத்துக்கு இன்னொரு சான்று, நாள் கணக்கிலேயே சொல்லக்கூடியது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆட்டு மந்தைகளைக் காப்பதற்காக, குட்டியைப் பையில் சுமக்கும் ஊனுண்ணியான தைலசின் என்னும் வரிவேங்கையைக் கொன்றவர்களுக்கு 1888 முதல் 1909 வரை அரசே பரிசுத் தொகை கொடுத்தது; 2,184 தொகைகள் வழங்கப்பட்டதாகப் பதிவேடு சொல்கிறது. அந்த விலங்குக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 1936 ஜூலை 10இல். கூண்டில் இருந்த கடைசி விலங்கு அதே ஆண்டு செப்டம்பர் 7இல் ஹோபார்ட் விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. இடையில் இருந்தவை 59 நாட்கள்.

இப்போது நடப்பதை ஆறாவது பேரழிவு என்று சொல்லலாமா என்று கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறார்கள். புவி வரலாற்றில் பேரழிவு என்று நாம் குறிப்பிடும் ஐந்து நிகழ்வுகளிலும், புவியியல் கணக்கில் குறுகிய காலத்துக்குள், முக்கால் பங்கு அல்லது அதற்கும் மேற்பட்ட இனங்கள் மறைந்தன. கடைசி நிகழ்வு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களை முடித்தது. அந்த அளவை நாம் இன்னும் எட்டவில்லை. ஆனால் எட்டும் பாதையில் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது: பல்லுயிர் தொடர்பான அரசுகளுக்கிடையேயான அறிவியல் மன்றம் 2019இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இன்று இனங்கள் அற்றுப்போகும் வேகம் கடந்த ஒரு கோடி ஆண்டுகளின் சராசரியைவிடப் பல பத்து முதல் பல நூறு மடங்கு அதிகம், ஏறக்குறைய 10 லட்சம் விலங்கு, தாவர இனங்கள் ஆபத்தில் உள்ளன. “எல்லாம் முடிந்துவிட்டது” என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாதது இதனால்தான். அந்த 10 லட்சத்தில் பெரும்பாலானவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. கைவிட்டவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கும், ஆபத்தே இல்லை என்பவர் நிற்பதற்கும் கள அளவில் எந்த வேறுபாடும் தெரிவதில்லை.

இன்னொரு புள்ளிவிவரமும் இதே குழப்பத்தை உண்டாக்குகிறது. 1970க்கும் 2020க்கும் இடையில் “73 விழுக்காடு வனவிலங்குகள் அழிந்துவிட்டன” என்று செய்திகளில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அது, கண்காணிக்கப்படும் முதுகெலும்புள்ள விலங்குக் கூட்டங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு விகிதம் மாறியது என்பதன் சராசரி. மொத்தத் தலைக்கணக்கில் முக்கால் பங்கு போனதாக அதற்குப் பொருள் இல்லை. இருந்தாலும் அது சொல்லும் செய்தி கடுமையானதே. ஓர் இனம் பட்டியலிலிருந்து மறைவதற்கு வெகுகாலம் முன்பே அதன் எண்ணிக்கை சரிந்துவிடுகிறது. எண்ணிக்கை சரிந்த இனம் விதை பரப்புவது, பூச்சியைத் தின்பது, பிணத்தை அகற்றுவது போன்ற தன் வேலைகளைப் பெயர் அளவில் உயிரோடு இருக்கும்போதே நிறுத்திவிடுகிறது. எண்ணிக்கை மிகுதி எந்தக் காப்பும் தராது என்பதற்கு வட அமெரிக்காவின் பயணப்புறாவே போதும்: கோடிக்கணக்கில் வானத்தை மறைத்துப் பறந்த அந்த இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் தனியாக இறந்தது.

அப்படியானால் எது பலன் தந்திருக்கிறது? நான் படித்த, பார்த்த மீட்சிகளில் பெரும்பாலானவை ஒரே வடிவம் கொண்டவை: கொல்லும் காரணத்தைப் பெயர் சொல்லிக் கண்டுபிடித்தார்கள், அதைச் சட்டத்தின் வழியாக நிறுத்தினார்கள், நிறுத்திய பிறகும் விட்டுவிடாமல் கவனித்தார்கள். டி.டி.டி. பூச்சிக்கொல்லி முட்டை ஓட்டை மெலிதாக்கியதால், அடைகாக்கும்போதே முட்டைகள் நொறுங்கி, அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த அமெரிக்க மாநிலங்களில் வெண்தலைக் கழுகு 1963இல் 417 இணைகளாகக் குறைந்திருந்தது. 1972இல் தடை வந்தது. 2007இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோது ஏறத்தாழ 9,800 இணைகள் இருந்தன. வணிகத் திமிங்கில வேட்டைக்கு 1986இல் நடைமுறைக்கு வந்த தடைக்குப் பிறகு, கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் பல கடல்களில் மீண்டு வந்திருக்கின்றன.

தெற்காசியாவின் பாறு கழுகுகள் இதில் கூர்ந்து பார்க்க வேண்டியவை. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு வீழ்ந்தது. நோய்க்கிருமி என்றுதான் முதலில் தேடினார்கள். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவம் இருந்தது. சிறுநீரகம் செயலிழந்து யூரிக் அமிலம் படிந்ததன் அடையாளம் அது. 2004இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு, மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போடப்பட்ட டைக்குளோஃபெனாக் மருந்துதான் காரணம் என்று நிறுவியது. இறந்த ஒரே மாட்டின் பிணத்தை டஜன் கணக்கில் பாறுகள் சூழ்ந்து உண்பதால், நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் அந்த மருந்து இருந்தாலே அவ்வளவு பெரிய சரிவுக்குப் போதும் என்பது பின்னர் கணக்கிடப்பட்டது. 2006இல் இந்தியா கால்நடைப் பயன்பாட்டைத் தடை செய்தது. இரண்டே ஆண்டுகளில் ஆய்வகத்திலிருந்து ஆணைவரை வந்தது அரிய வேகம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அந்தப் பெரிய குப்பிகளை 2015இல் தடுக்க வேண்டியிருந்தது. அதே தீங்கைச் செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபெனாக் ஆகியவற்றின் கால்நடைப் பயன்பாட்டுக்கு 2023இல்தான் தடை வந்தது. மெலாக்ஸிகாம் என்ற பாதுகாப்பான மாற்று கையில் இல்லாதிருந்தால், முதல் தடையே நிலைத்திருக்குமா என்பது ஐயம். வலியால் துடிக்கும் மாட்டோடு நிற்பவரிடம் பறவையின் நலனைச் சொல்லி மருந்தைப் பிடுங்குவது நியாயமும் இல்லை, நடக்கப்போவதும் இல்லை. மாற்றைக் கொடுத்துவிட்டுத் தடுப்பதுதான் வழி.

நிலத்தை இழக்கும் இனங்களுக்கு இப்படி ஒரு குப்பியைக் காட்டித் தடை கேட்க முடியாது. சிக்கல் அங்கேதான் கனக்கிறது. மேற்சொன்ன 2019 மதிப்பீடு நேரடிக் காரணங்கள் ஐந்தை வரிசைப்படுத்தியபோது நில, கடல் பயன்பாட்டு மாற்றத்தை முதலிலும், நேரடியாகப் பிடிப்பதையும் வெட்டுவதையும் இரண்டாவதாகவும், காலநிலை மாற்றத்தை மூன்றாவதாகவும் வைத்தது; மாசும் அயல் இனங்களின் ஊடுருவலும் பின்னால் வருகின்றன. பல்லுயிரைக் காக்க 2010இல் உலக நாடுகள் ஏற்ற 20 இலக்குகளில் ஒன்றுகூட 2020க்குள் முழுமையாக நிறைவேறவில்லை. 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் மீண்டும் கூடி, 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பது என்று உறுதி எடுத்தார்கள். இந்த 30 விழுக்காடு என்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பாதுகாக்கப்பட்ட பகுதிகள் உலகம் முழுவதும் உயரமான, தொலைவான, உழவுக்கு உதவாத நிலத்திலேயே அதிகம் அமைந்திருக்கின்றன. யாரும் கேட்காத நிலத்துக்கு வேலி போட்டு விழுக்காட்டை நிரப்பிவிட முடியும். அதே உடன்பாட்டில், இயற்கைக்குக் கேடு செய்யும் மானியங்களை ஆண்டுக்கு 50,000 கோடி டாலராவது குறைப்பது என்ற வாக்கும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், வேலியைவிட அதைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும்: ஒரு கையால் காட்டை அழிக்கப் பணம் கொடுத்துக்கொண்டே மறுகையால் காப்பதற்குக் கொடுப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

என் தொழிலுக்குள் நான் மாற்றிக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன், ஏனெனில் மற்ற இடங்களுக்கும் அது பொருந்தும். இப்போது எந்தக் கண்காணிப்புத் திட்டத்தையும், முன்கூட்டியே எழுதிய ஒரு வரம்பு இல்லாமல் நான் தொடங்குவதில்லை. எண்ணிக்கை எவ்வளவு குறைந்தால், யார், எத்தனை நாட்களுக்குள், எந்தப் பணத்திலிருந்து, என்ன செய்வார்கள் என்பதை எண்ணத் தொடங்குவதற்கு முன்பே எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். அமைதியாக இருக்கும்போது ஒப்புக்கொள்ளும் வரம்பு, சரிவு வந்தபின் வாதாடிப் பெறும் வரம்பைவிட எப்போதும் நியாயமாக இருக்கும். காரணம் உறுதியாகாவிட்டாலும் முதல் நடவடிக்கை தொடங்கிவிட வேண்டும் என்று ஒரு வரியும் அதில் உண்டு. தவறான நடவடிக்கை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் வாழும் கறுப்பு ராபினைச் சொல்வேன். 1976இல் மிஞ்சியிருந்த ஏழு பறவைகளையும் காட்டுயிர்ப் பாதுகாவலர் டான் மெர்ட்டன் குழுவினர் வேறு தீவுக்கு மாற்றினார்கள்; இருந்தும் 1980இல் ஐந்தாகக் குறைந்தன, அவற்றில் குஞ்சு பொரித்து வளர்க்கக்கூடிய பெண் பறவை ஒன்றே ஒன்று. முட்டைகளை எடுத்து வேறு இனப் பறவைகளின் கூட்டில் வைத்தார்கள். முதலில் தேர்ந்த வளர்ப்பு இனம் சரியாக அமையவில்லை. வேறோர் இனத்துக்கு மாறினார்கள். இன்று வாழும் 250க்கும் மேற்பட்ட பறவைகளும் அந்த ஒரே தாயின் வழிவந்தவை. தவறு நடந்தது, ஆனால் திருத்திக்கொள்ளப் பறவை மிச்சம் இருந்தது.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் நெகிழிப் பையைத் தவிர்ப்பதோடு நின்றுவிடாமல், தங்கள் பகுதியின் காடு, ஏரி, கடற்கரை பற்றி அதிகாரிகளிடமும் மக்கள் பிரதிநிதிகளிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: இங்கே எதை எண்ணுகிறீர்கள்? அந்த எண் எவ்வளவு குறைந்தால் என்ன செய்வதாக எழுதி வைத்திருக்கிறீர்கள்? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்கும். இரண்டாவதற்குக் கிடைக்கும் மௌனத்தை எழுத்தில் பதிவு செய்ய வையுங்கள்.

அண்மையில், நான் கண்காணிக்கும் ஒரு குகையில் பதிவுகள் வரம்புக்குக் கீழே போயின. குட்டி ஈனும் பருவத்தில் டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே போகிறவர்களால் தாய் வௌவால்கள் கலைந்து பறந்து குட்டிகளை நழுவவிடுகின்றன என்பது எங்கள் ஊகம். உறுதியாகச் சொல்ல முடியாது. முன்பு என்றால் இன்னும் இரண்டு ஆண்டுகள் பதிவு செய்யலாம் என்று எழுதியிருப்பேன். இந்த முறை எழுதி வைத்த நாளில் கூட்டம் நடந்தது. வௌவால்கள் தடையின்றிப் போய்வரும்படி கிடைமட்டக் கம்பிகள் வைத்த கதவு குகை வாயிலில் பொருத்தப்பட்டு, அந்தப் பருவம் முடியும்வரை பூட்டப்பட்டது. கருவிகள் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அடுத்த மெமரி கார்டை எடுக்க இன்னும் பதினொரு நாட்கள் இருக்கின்றன.